அடங்காத இளநாயை என்ன செய்வது?

எமது பகுதியில் நாயில்லாத வளவு குறைவு. மீளக்குடியேறிய கிராமங்களில் வீட்டுக்குக் கதவு பூட்டுமுன்னரே வாசலில் ஒரு நாய் படுத்திருப்பதைக் காணலாம். காட்டோரக் காணியில் யானை வந்தாலும், பன்றி வந்தாலும், இரவில் மாட்டை அவிழ்க்க ஆள் வந்தாலும் முதலில் அறிவிப்பது அதுதான். ஆகவே குட்டியொன்றைக் கொண்டுவருவதற்கு யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பிள்ளைகள் தெருவோரத்தில் கண்டு தூக்கிவருவார்கள். கேட்டால் அயலவரும் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

தொல்லை எட்டு, பத்து மாதத்தில்தான் தொடங்குகிறது. நேற்றுவரை காலைச் சுற்றி வந்த குட்டி இன்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. கயிற்றை அறுக்கிறது, அயல் வீட்டுக் கோழியைப் பிடிக்கிறது, பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளைத் துரத்துகிறது. "இதைக் கொண்டுபோய் எங்கையாவது விட்டுட்டு வாங்க" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அந்தப் பேச்சு எழுந்த வீட்டாருக்காகவே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

நாம் நேரில் அறிந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குவோம். படுவான்கரையில் மீளக்குடியேறிய ஒரு குடும்பம். ஐந்து பிள்ளைகள், ஒன்றரை ஏக்கர் வயல், தகரக் கூரை போட்ட ஒரு வீடு. அவர்களுடைய கடுவன் நாய்க்கு அப்போது பத்து மாதம் இருக்கும். ஒரே கிழமையில் பக்கத்து வீட்டுக் கோழிகள் மூன்றைக் கொன்றுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் கணவனை இழந்தவர். முட்டை விற்ற பணத்தில்தான் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்குபவர். அவர் வந்து வேலியடியில் நின்று அழுதார். அவருடைய தமையன் வந்து, அடுத்த முறை சோற்றில் நஞ்சு வைப்பதாகச் சொல்லிப் போனார். அன்று பின்னேரமே தகப்பன் நாயைச் சாக்கில் போட்டு, பாதை ஏறி வாவியைக் கடந்து, எழுவான்கரைத் துறையடியில் அவிழ்த்துவிட்டு அடுத்த பாதையிலேயே திரும்பிவிட்டார்.

அவரைக் கொடியவர் என்று நாம் சொல்லமாட்டோம். கோழிக்காரப் பெண்ணின் கண்ணீருக்கு வேறு என்ன பதில் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. நாய் போனதும் இரு வீட்டுக்கும் இடையில் சமாதானம் வந்தது. ஆனால் தொல்லை முடியவில்லை. அது இடம்பெயர்ந்தது, அவ்வளவுதான்.

அந்த நாய் துறையை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பாதை கரைதட்டும்போதும் ஓடிவந்து இறங்குகிறவர்களை மணந்து பார்க்கும். பாதை தள்ளுகிற முதியவர் ஒருவர் மிச்சச் சோறு போட்டார். "இது இஞ்சாலப் பக்கத்து நாயில்ல மனே, அங்கால இருந்து ஆரோ கொண்டுவந்து விட்டது. ஆளைத் தேடுது" என்று அவர் எம்மிடம் பின்னர் சொன்னார். பதினோராம் நாள், மீன் கூடையோடு வந்த ஒரு சிறுவன் வாலை மிதித்துவிட, அது அவன் கெண்டைக்காலில் கடித்தது. தடுப்பூசி போட்ட நாயா, இல்லையா? யாருடைய நாய்? சொல்ல ஒருவருமில்லை. சிறுவனுக்கு விசர்நாய்க்கடித் தடுப்பூசி தொடங்க வேண்டியதாயிற்று. அவனுடைய தகப்பன் ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வைத்தியசாலைக்குப் போனார். அந்தக் குடும்பமும் சுனாமியில் வீடிழந்து வேறிடத்தில் குடியமர்ந்த குடும்பமே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாய் கடித்தால், அந்த நாயைக் கட்டிவைத்து 14 நாட்கள் அவதானிக்கும்படி எமது சுகாதாரப் பகுதியினர் சொல்வார்கள். விசர் கண்ட நாய் அந்த நாட்களுக்குள் நோயைக் காட்டிவிடும், அல்லது இறந்துவிடும். நாய் சுகமாக இருந்தால் கடிபட்டவருக்கும் வைத்தியருக்கும் அது பெரிய ஆறுதல். கடித்த நாயைக் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டால் அந்த ஆறுதலுக்கு வழியில்லை. ஆகவே எந்த நாய் எவரைக் கடித்திருந்தாலும், 14 நாட்கள் முடியும்வரை அதை வளவை விட்டு அனுப்பவும் கூடாது, கொல்லவும் கூடாது. காயத்தை உடனே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவவேண்டும். பின்னர் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வைக்கவேண்டாம். அரச வைத்தியசாலையில் இந்தச் சிகிச்சைக்குப் பணமில்லை. விசர் நோய் ஆளுக்கு வெளிப்பட்டுவிட்டால் மருந்து இல்லை என்பதை நாம் எல்லோரும் அறிவோம். 1973இல் இலங்கையில் இந்நோயால் 377 பேர் இறந்தார்கள். 2010க்குப் பின் அந்த எண்ணிக்கை வருடத்துக்கு 50க்குக் கீழே இறங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் ஆளுக்குக் கிடைக்கும் சிகிச்சையும், நாய்க்கு ஏற்றும் ஊசியும்தான்.

முன்பெல்லாம் உள்ளூராட்சி ஆட்கள் வந்து தெருநாய்களைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொல்வார்கள். 2006இல் அரசாங்கம் அந்த முறையை நிறுத்தியது. "துறையில விட்டா யாராவது பிடிச்சிட்டுப் போவாங்க" என்ற நம்பிக்கைக்கு இன்று ஆதாரமில்லை. விட்ட நாய் அங்கேயே கிடக்கும். பெட்டையானால் அறுபத்துச் சொச்சம் நாளில் குட்டிகளும் போடும்.

நஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயலுக்கு வைத்திருக்கும் நஞ்சைச் சோற்றில் கலந்து வைப்பவர்கள், அந்தச் சோற்றை நாய் மட்டுமே தின்னும் என்று எண்ணுகிறார்கள். கோழியும் கொத்தும், தவழும் பிள்ளையும் கைவைக்கும்.

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் பேசவேண்டும். 2007 மார்ச்சில் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து வந்தபோது நாய்களைக் கட்டவிழ்த்துவிட்டு வந்தவர்கள் எம்மில் பலர். கட்டோடு விட்டுவந்ததை நினைத்து இன்றும் வருந்துகிறவர்களும் இருக்கிறார்கள். 2011 ஜனவரி வெள்ளத்திலும் அப்படியே நடந்தது. அந்த நாட்களில் எமக்குத் தெரிவு இருக்கவில்லை. பிள்ளையைத் தூக்கிய கையால் நாயைத் தூக்க முடியாது. ஆனால் அமைதியான ஒரு பின்னேரத்தில் சாக்கைத் தேடி எடுப்பது தெரிவு. இரண்டையும் ஒன்றாக எண்ணி, "அப்பவே விட்டுட்டு வந்தனாங்கதானே" என்று மனதைச் சமாதானப்படுத்துவது சரியென்று எமக்குத் தோன்றவில்லை.

அது ஒரு வயது

நாய் ஏறத்தாழ ஆறு மாதத்தில் பருவமடையத் தொடங்குகிறது. அதிலிருந்து ஒன்றரை வயது, சிலவேளை இரண்டு வயதுவரை அதற்கு விடலைப் பருவம். உடம்பு வளர்ந்துவிடும், புத்தி வளராது. இது நாம் சொல்லும் சமாதானம் மட்டுமல்ல. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டப் பழக்கும் இன நாய்களை ஐந்து மாதத்திலும் எட்டு மாதத்திலும் "இரு" என்று சொல்லிப் பார்த்தார்கள். ஐந்து மாதத்தில் கேட்ட நாய்கள் எட்டு மாதத்தில் தம்மை வளர்ப்பவர் சொன்னால் கேட்கவில்லை. அந்நியர் சொன்னால் கேட்டன! ஒரு வயதாகும்போது அந்தக் குணம் குறைந்தது. வளர்ந்த பிள்ளைகள் உள்ள தாய்மார் இதை வாசித்துச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறோம்.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்ற பழமொழியை வைத்துக்கொண்டு பத்து மாத நாய்க்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. கொடுத்துவிட முடிவெடுக்குமுன் இரண்டு மாதமாவது கீழ்வருவனவற்றைச் செய்து பாருங்கள்.

முதலாவது, கட்டும் விதம். குறுங்கயிற்றில் பகல் முழுவதும் கட்டிய நாய் அவிழ்ந்ததும் வெறிபிடித்தாற்போல் ஓடும்; கட்டியிருக்கும்போது கிட்ட வரும் பிள்ளையைக் கடிக்கவும் செய்யும். இரண்டு மரங்களுக்கிடையே ஆளுயரத்தில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோர்த்து, வளையத்தில் கயிற்றைக் கட்டுங்கள். நாய் கம்பியோடு முன்னும் பின்னும் ஓடலாம். நிழலும் தண்ணீரும் எட்டும் இடமாக இருக்கட்டும். காலையும் மாலையும் வயலுக்குப் போகும்போது கயிற்றோடு கூட்டிச் செல்லுங்கள். நடந்து களைத்த நாய்க்குக் குறும்பு குறைவு.

இரண்டாவது, உணவு. ஒரு நேரம் போட்டு மறுநேரம் மறந்துபோகும் வீட்டு நாய் தனக்கான தீனியைத் தானே தேடும். கோழி அதற்கு இலகுவான தீனி. சோற்றோடு மீன் தலை, முள் நீக்கிய மிச்சம், காலையும் மாலையும் ஒரே நேரத்தில் கிடைத்தாலே பாதி அலைச்சல் நிற்கும். கோழிப் பழக்கம் முற்றாகப் போகும் என்று நாம் வாக்குத் தரமாட்டோம். ஒருமுறை கொன்று தின்ற நாய், ஆளில்லாத நேரத்தில் மீண்டும் செய்யக்கூடும். கொன்ற கோழியை அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தால் நாற்றம் வந்ததைத்தான் கண்டிருக்கிறோம், திருந்திய நாயைக் காணவில்லை. கோழிக்கு அடைப்பு, நாய்க்குக் கயிறு, இரண்டும் வேண்டும். செத்த கோழிக்கு உரிய பணத்தைக் கேட்குமுன் கொண்டுபோய்க் கொடுப்பதும் வேண்டும்.

மூன்றாவது, அடி. தடியெடுத்த ஆளைக் கண்டால் அடங்கும் நாய், தடியெடுக்க முடியாத பிள்ளையிடம் தன் பயத்தைக் காட்டும். நல்லதைச் செய்தபோது ஒரு துண்டுக் கருவாடு கொடுத்துப் பாருங்கள், அதிக செலவில்லை.

நான்காவது, சத்திரசிகிச்சை. கடுவனுக்கு விதை நீக்கினால் பெட்டையைத் தேடி ஊர் சுற்றுவதும், மற்றக் கடுவன்களோடு சண்டைபிடிப்பதும் பெரும்பாலும் சில கிழமைகளில் குறையும். பயத்தினால் கடிக்கும் நாய் இதனால் மட்டும் திருந்தாது. பெட்டைக்குச் செய்தால் குட்டிகளின் பிரச்சினை அத்தோடு தீரும். உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். இலவச முகாம் வரும் நாட்களையும் தடுப்பூசி போடும் நாட்களையும் அங்கேயோ, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அறியலாம். குட்டியில் போட்ட ஒரு ஊசி போதாது, வருடந்தோறும் போடவேண்டும். அட்டையைக் குடும்ப அட்டையோடு பத்திரமாக வையுங்கள்.

கொடுப்பதென்றால்

எல்லாம் செய்தும் முடியாமற் போகலாம். வீட்டில் தவழும் பிள்ளை இருக்கலாம், வளவு சிறிதாக இருக்கலாம், தகப்பன் வெளிநாடு போய்த் தாய் தனியே இருக்கலாம், அயலில் கோழிப் பண்ணை இருக்கலாம். அப்போது நாயைக் கொடுப்பதில் வெட்கமில்லை. எப்படிக் கொடுக்கிறோம் என்பதே கேள்வி.

"மீட்பு நிலையம் ஒன்றில் விடலாமே" என்று நகரத்து உறவினர் சொல்வார்கள். நாட்டில் அப்படியானவை உண்டு. வடக்கில் இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளை நாய்களுக்கென ஒரு சரணாலயத்தை அமைத்தது. தெற்கில் ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய எம்பார்க் அமைப்பு தெருநாய்களுக்குச் சிகிச்சை செய்து புதிய வீடு தேடிக் கொடுக்கும் பணியில் இறங்கியது. ஆனால் படுவான்கரையிலிருந்து இவை தூரம். எங்குமே இடத்துக்குத் தட்டுப்பாடு. கேட்டுச் சம்மதம் பெறாமல் வாசலில் கட்டிவிட்டு வருவதும் துறையில் விடுவதும் ஒன்றே.

நல்ல நிலையத்தை எப்படி அறிவது? அது உடனே "கொண்டு வாங்க" என்று சொல்லாது. நாய் யாரைக் கடித்தது, எதற்குப் பயப்படுகிறது, ஊசி போட்டதா என்று உங்களைத் துருவிக் கேட்கும். இடமில்லாவிட்டால் இல்லையென்று சொல்லும். புதிதாக வரும் நாயைச் சில நாள் தனியே வைக்கும். இல்லாவிட்டால் ஒரு நாயின் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். ஊசியும் சத்திரசிகிச்சையும் முடியாமல் வெளியே கொடுக்காது. எடுப்பவரின் வீட்டைப் போய்ப் பார்க்கும், சரிவராவிட்டால் திருப்பி எடுக்கும். போய்ப் பார்க்க உங்களை உள்ளே விடாத இடத்துக்கு நாயைக் கொடுக்கவேண்டாம்.

இப்படியொரு நிலையம் அருகில் இல்லாதபோது, அது செய்யும் வேலையை நாமே செய்யவேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ இதை ஒரு சிறு பொறுப்பாக எடுக்கலாம். இரண்டு பேர் போதும்.

முதலில் ஊசியும் சத்திரசிகிச்சையும் முடியட்டும். அதன் பின்னரே ஆள் தேடுங்கள். நாயின் குணத்தை ஒரு தாளில் உள்ளபடி எழுதுங்கள். "கோழி பிடிக்கும். சைக்கிளைத் துரத்தும். பிள்ளைகளோடு நல்லது. வெடிச்சத்தத்துக்குப் பயம்." குறையை மறைத்துக் கொடுத்த நாய் பத்து நாளில் தெருவுக்கு வரும். குறையைச் சொன்னால் யாரும் எடுக்கமாட்டார்கள் என்று பயப்படவேண்டாம். ஒரு வீட்டில் குறையாக இருப்பது இன்னொரு வீட்டில் குறையாக இராது. சிறு சத்தத்துக்கும் குரைக்கும் நாய் குடியிருப்பில் தொல்லை. தனித்த தோட்டத்தில் அதுவே தேவை.

காசு வாங்கவேண்டாம். காசு கொடுத்தவர் மறுநாள் இலாபத்துக்கு விற்கலாம். "நல்லாக் கடிக்குமா?" என்று முதற் கேள்வி கேட்பவருக்கும், வேட்டைக்கு நாய் சேர்ப்பவருக்கும் கொடுக்கவேண்டாம். எடுக்க விரும்புபவரின் வளவை நீங்களே போய்ப் பாருங்கள்: வேலி எப்படி, தவழும் பிள்ளை உண்டா, முன்பிருந்த நாய்க்கு என்ன நடந்தது? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கேளுங்கள். "எங்கயோ போயிற்று" என்று வரிசையாக நாலு நாய்க்குச் சொன்னால் ஐந்தாவதும் எங்கேயோ போகும்.

முதல் மாதம் தவணை என்று பேசிக்கொள்ளுங்கள். சரிவராவிட்டால் திருப்பி எடுப்போம் என்று வாக்குக் கொடுங்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். நாயோடு அது படுத்த சாக்கையும் பழகிய கயிற்றையும் கொடுத்துவிட்டால் புதிய இடத்தில் அதற்கு ஆறுதல். முதல் இரண்டு கிழமை அவிழ்க்கவே கூடாது. அவிழ்த்தால் பழைய வீட்டைத் தேடி ஓடிவிடும்.

ஒரு வகை நாயை மட்டும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. காரணமின்றிப் பிள்ளையொன்றின் முகத்திலோ கழுத்திலோ பாய்ந்த நாயை, அல்லது திரும்பத் திரும்ப ஆழமாகக் கடித்த நாயை, தாளில் உண்மையை எழுதியும் கைமாற்றக்கூடாது. 14 நாட்களும் முடிந்தபின் கால்நடை வைத்தியரிடம் பேசுங்கள். ஊசிமூலம் நோவின்றி அதன் உயிரை முடிப்பதே நல்லதென்று அவர் சொல்லக்கூடும். கேட்கக் கடினமான வார்த்தை. பிள்ளைகளுக்கு அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

துறையடி நாய்க்கு வருவோம். கடிபட்ட சிறுவனின் செய்தி வாவியைக் கடந்து தகப்பனின் காதுக்கு வந்தது. அவர் தானாகவே பாதை ஏறிப் போனார். நாமும் கூடப் போனோம். நாய் அவரைக் கண்டதும் ஓடிவரவில்லை. சற்றுத் தள்ளி நின்று வாலைத் தாழ்த்தி ஆட்டியது. அவர் முதலில் போனது நாயிடமல்ல, சிறுவனின் வீட்டுக்கு. "என்ர நாய்தான் தம்பி. நான்தான் கொண்டுவந்து விட்டன்" என்றார். சிறுவனின் தகப்பன் சத்தம் போட்டார், பின்னர் தேத்தண்ணி கொடுத்தார். நாய் பதினான்கு நாளும் கம்பியில் கட்டுண்டு சுகமாகவே இருந்தது. அதன்பின் ஊசியும் சத்திரசிகிச்சையும் நடந்தன.

அதை எடுத்தவர் வயற்காவலுக்குத் தனியே வாடியில் தங்கும் ஒரு முதியவர். தாளை வாசித்துக் காட்டினோம். கோழி என்னிடம் இல்லை, சைக்கிளும் இல்லை என்றார். ஒரு நிபந்தனை மட்டும் நாம் வைத்தோம்: இரவில் வாடியில் கட்டியே வைக்கவேண்டும். அவிழ்த்த நாய் யானையை நோக்கி ஓடும். யானை திரும்பித் துரத்தினால் எசமானிடமே ஓடிவரும், பின்னால் யானையும் வரும். அவர் சிரித்து, இது எனக்குத் தெரியாதா என்றார். கட்டினபடியே குரைத்தாற் போதும். எழும்பி வெடி கொளுத்த நேரம் கிடைக்கும்.

பெரும்போக அறுவடைக்குப் பின்னர் போய்ப் பார்த்தோம். நாய் கொழுத்திருந்தது. எம்மைக் கண்டு குரைத்தது, பழைய எசமானைக் கண்டு குரைப்பை நிறுத்தியது. முதியவரின் மகள் இரண்டு கோழி கொண்டுவந்து தருவதாகக் கேட்டிருக்கிறாள். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.